குமிழும் பொத்தானும்

டிவியை அணைத்த கையோடு அதன் கண்ணாடியில் முன்கையை ஒட்டிவைத்தால், கையிலிருக்கும் பூனைமயிரெல்லாம் எழுந்து நின்று பொரிபொரியென்று ஒரு சத்தம் கேட்கும். கூடவே, சூடேறிய தூசியும் மரப்பெட்டியின் வார்னிஷும் கலந்த ஒரு வாசனை வரும். சனி, ஞாயிறுகளில் மட்டும் திறக்கப்பட்டு, மற்ற நாட்களில் கதவை இழுத்துப் பூட்டிவைக்கிற அந்தப் பெட்டியிலிருந்து, வாரத்தின் நடுவில் ஒரு சாயங்காலம் அந்த வாசனை வந்தால், அப்பா ஊரில் இருக்கிறார் என்று அர்த்தம்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் பசுமலையில், ஒரு மிஷன் பள்ளியின் பின்புறத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். அம்மா அந்தப் பள்ளியில் ஆசிரியை. தெரு முழுக்க அவளுக்கு "எஸ்தர் டீச்சர்" என்றே பெயர். அப்பா மஸ்கட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவில் வருவார். இடைப்பட்ட நாட்களில் அவர் எங்களுக்கு ஒரு குரல் மட்டும்தான். கேசட்டில் பேசி யாரிடமாவது கொடுத்தனுப்புவார். நாங்களும் அதே கேசட்டின் மறுபக்கத்தில் பேசி அனுப்புவோம். கேசட்டில் சரளமாகப் பேசுகிற அந்த மனிதர், நேரில் வந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல் திணறுவார். என்னைப் பார்த்து, "பாப்பா எத்தனாவது படிக்கிற?" என்பார். காலையில் ஒரு முறை கேட்டதை மாலையிலும் கேட்பார். அண்ணன் சாமுவேல் என்னைவிட மூன்று வயது மூத்தவன். அவனிடம் அதுகூடக் கேட்கமாட்டார், தோளில் லேசாகத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அவர் எங்களிடம் கூச்சப்பட்டார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. விருந்தாளி ஒருவர் நம் வீட்டுத் தலையணையில் படுத்திருப்பதுபோல்தான் இருந்தது.

அப்படி ஒரு லீவில்தான் அந்த டிவி கேமைக் கொண்டுவந்தார். அப்பாவோடு வேலை பார்த்த ஓர் எகிப்துக்காரர், வேலையை விட்டுத் தன் நாட்டுக்கே திரும்பும்போது தன் சாமான்களை நண்பர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டுப் போனாராம். அப்பாவின் பங்குக்கு வந்தது அது. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து வயரோடு தொங்கும் இரண்டு சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குமிழ். எதிர்வீட்டு முத்துப்பாண்டி அண்ணன்தான் டிவிக்குப் பின்னால் குனிந்து ஆண்டெனா வயரைக் கழற்றி அதன் வயரை மாட்டினார். சேனலைத் திருகித் திருகி, புள்ளிமழை பெய்துகொண்டிருந்த கண்ணாடி சட்டென்று கறுத்து, நடுவில் ஒரு கோடும் இரண்டு ஓரங்களில் இரண்டு வெள்ளைக் கட்டைகளும் ஒரு சதுரமான பந்தும் தெரிந்தபோது, வாசலில் நின்ற பிள்ளைகள் யாரும் சத்தம் போடவில்லை. குமிழைத் திருகினால் கட்டை மேலே போனது, கீழே வந்தது. டிவிக்குள் இருக்கும் ஒன்றை நம் கையால் நகர்த்தலாம் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றியிராத ஒன்று. பந்து கட்டையில் பட்டால் பெட்டிக்குள்ளிருந்து "டொக்" என்று சத்தம் வரும். அதனாலேயே தெருவில் அதற்கு "டொக்கு பெட்டி" என்று பெயர் விழுந்துவிட்டது.

அப்பா அதில் வேறு ஆளாகிவிடுவார். கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு, பாயில் சம்மணம் போட்டு, குமிழை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்றால், அவரை ஜெயிக்க ஆளில்லை. அதைவிடப் பெரிய அதிசயம், அவர் பேசினார். பேசினார் என்பதைவிடத் திட்டினார் என்று சொல்வதுதான் சரி. "எங்கடா பாக்குற, பந்து இங்கன இருக்கு", "அம்புட்டு வேகமா திருகாத", "தூங்குறியா சாமு" என்று அறை அதிரும். அந்தத் திட்டில் கோபம் இல்லை என்று எங்களுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அண்ணன் திட்டு வாங்குவதற்காகவே அவருக்கு எதிராக உட்காருவான். பின்னால் தெருப்பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, "தலைய மறைக்காத" என்று முன்னால் இருப்பவர்களைக் குட்டிக்கொண்டிருப்பார்கள். அறையின் லைட்டை அணைத்தால்தான் கோடும் கட்டையும் தெளிவாகத் தெரியும் என்பதால் எல்லோரும் இருட்டில்தான் இருப்போம். அம்மா மட்டும் அடுப்படி வெளிச்சத்தில் நின்று, பரீட்சைத்தாளைத் திருத்தியபடி, கண் கெட்டுப்போகும் என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டிருப்பாள்.

அப்பா போனதும் டொக்கு பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அம்மா அனுமதிப்பாள். அண்ணனும் நானும் ஆடுவோம். அப்பா இல்லாமல் அது பாதிதான்.

கையில் வைத்து ஆடுகிற கேமை நான் முதலில் பார்த்தது பள்ளியில். என் வகுப்பில் ஜாஸ்மின் என்றொரு பெண். சிங்கப்பூரிலிருந்து அவளுடைய மாமா கொடுத்ததை ஒருநாள் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டு வந்தாள். தீப்பெட்டிகள் இரண்டை அடுத்தடுத்து வைத்த அளவுதான் இருக்கும். கண்ணாடிக்குள் ஒரு குளம், குளத்தில் ஒரு படகு, மேலே பறக்கும் கொக்குகள் தவறவிடும் மீன்களைப் படகில் பிடிக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு பொத்தான், வலப்பக்கம் ஒரு பொத்தான், அவ்வளவுதான். ஆனால் டொக்கு பெட்டியின் சதுரப் பந்துக்கு முன்னால் அந்தக் கொக்கின் அலகும் மீனின் செதிலும் எனக்கு ஓவியமாகத் தெரிந்தன. வேப்பமரத்தடியில் சாப்பாட்டு இடைவேளையில் எனக்கு ஒரே ஒரு ஆட்டம் கிடைத்தது. மூன்று மீன் தவறினால் ஆட்டம் முடிந்துவிடும். எனக்குச் சீக்கிரமே முடிந்துவிட்டது.

அன்று தொடங்கி வீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் ஓயாத வழக்கு. எது உயர்த்தி என்பதுதான் வழக்கு. கரண்டு போனால் உன் பெட்டி செத்துப்போகும், இது சாகாது என்பேன் நான். வெளிச்சம் போனால் உன்னுடையதில் ஒன்றும் தெரியாது, இருட்டில்தான் எங்களுடையது பளிச்சென்று இருக்கும் என்பான் அவன். இதைப் பஸ்ஸில் எடுத்துப்போகலாம், படுத்துக்கொண்டு ஆடலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம், ஆள் சேரக் காத்திருக்க வேண்டாம் என்று நான் அடுக்குவேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொல்வான்: "அதுல நீ யாரப் பிள்ள ஜெயிப்ப?" ஜெயிக்க அதில் ஆளே இல்லைதான். ஆனாலும் எனக்கு அது வேண்டும். அடுத்த கேசட்டில், அண்ணன் பேசி முடித்த பிறகு, அவன் அறையைவிட்டு வெளியே போகும்வரை காத்திருந்து, கையில் வைத்து ஆடுகிற கேம் ஒன்று வேண்டும் என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டுவைத்தேன்.

அதற்குப் பதில் கேசட் வரவில்லை. வழக்கமாக வருகிற காலம் கடந்தும் வரவில்லை. பிறகு ஒருநாள் பள்ளி அலுவலகத்துக்கு அம்மாவைத் தேடி ஒரு டிரங்க் கால் வந்தது. அம்மா போய்ப் பேசிவிட்டு, திரும்ப வகுப்புக்கு வந்து, பாதியில் விட்ட பாடத்தை மணி அடிக்கும்வரை நடத்தி முடித்தாள் என்று அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள் பிற்பாடு எங்களிடம் சொன்னார்கள். எங்களிடம் அவள் சொன்னது, அப்பாவுக்குக் கையில் அடி, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், சீக்கிரம் வந்துவிடுவார் என்பது மட்டும். அன்றிலிருந்து குடும்ப ஜெபத்தில் அப்பாவின் பெயரைச் சொல்லும் இடத்தில் அவள் குரல் கொஞ்சம் நின்று பிறகு நகரும்.

அப்பா வந்த நாளில் மதுரை ஜங்ஷனுக்கு நாங்கள் மூவரும் போயிருந்தோம். பம்பாயிலிருந்து வந்த அலுப்போடு இறங்கினார். எப்போதும் அவரோடு இறங்கும் கயிறு கட்டிய பெரிய பெட்டிகள் இல்லை. ஒரே ஒரு சூட்கேஸ், அதை இடக்கையில் பிடித்திருந்தார். வலக்கையில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். அண்ணன் சூட்கேஸை வாங்கிக்கொண்டான். ஆட்டோவில் ஏறினோம். திருப்பரங்குன்றம் சாலை முழுக்க அப்பா வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

வலக்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயிருந்தன. இதைக்கூட நான் அவர் சாப்பிடும்போதுதான் பார்த்தேன். அம்மா கேட்காமலே ஒரு ஸ்பூனை எடுத்துத் தட்டுக்கு இடப்பக்கமாக வைத்தாள். அவரும் இடக்கையால் சாப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும் சூட்கேஸைத் திறந்து, எனக்கு ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். கையில் வைத்து ஆடுகிற கேம். தென்னைமரத்திலிருந்து குரங்குகள் பறித்துப் போடும் காய்களைக் கீழே ஓடும் ஓர் ஆள் கூடையில் பிடிக்க வேண்டும். ஆசைப்பட்டுக் கேட்ட பொருள். ஆனால் பெட்டி ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது, பொத்தான்களின் சிவப்பு தேய்ந்து வெளுத்திருந்தது, கண்ணாடியில் கீறல்கள் இருந்தன. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிறபடி, "யாரோ ஆடித் தேச்சது பிள்ள" என்றான். எகிப்துக்காரர் மாதிரி வேறு யாரோ கொடுத்திருக்கலாம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சில நாட்கள் அதை நான்தான் வைத்திருந்தேன். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து தேடியபோது அது பின்னறையில் அப்பாவின் மடியில் இருந்தது. அவர் எழுந்து கொடுக்கப் பார்த்தார். பரவாயில்லை அப்பா, ஆடுங்க என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அது என்னிடம் திரும்பி வரவில்லை. பின்னறை ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக விழும். அங்கே கட்டிலில் உட்கார்ந்து, கேமை மடியில் வைத்து, இடக்கையின் விரல்களை அகட்டி இரண்டு பொத்தான்களையும் ஒரே கையால் அழுத்துவார். ஒவ்வொரு காய் விழும்போதும் ஒரு "பீப்". காலையில் நாங்கள் பள்ளிக்குப் புறப்படும்போதும் அந்தச் சத்தம், மாலையில் திரும்பி வரும்போதும் அந்தச் சத்தம். உசிலம்பட்டியிலிருந்து பெரியப்பா பார்க்க வந்தார். சபையிலிருந்து போதகர் வந்தார். அப்பா வெளியே வந்து, துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். போனதும் மறுபடி "பீப்". பெரியப்பா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம், "என்னத்தா இது, சின்னப்பிள்ள மாதிரி" என்று கேட்டார். அம்மா செம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த நாட்களில் அவர் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழம்பில் உப்பில்லை என்றால் உப்பில்லாமல் சாப்பிட்டார். அண்ணன் கணக்கில் தவறியபோது மார்க் ஷீட்டில் இடக்கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவனுக்கு அதுதான் தாங்கவில்லை. கொல்லைப்புறம் போய் வெகுநேரம் நின்றான். எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கைக் கேம்தான் என்று அவன் மனதில் பதிந்துவிட்டது. "நீ கேட்டதாலதான் வந்துச்சு" என்று என்னிடம் சொன்னான்.

ஒரு சனிக்கிழமை அவனே டொக்கு பெட்டியை இறக்கித் தூசி தட்டி மாட்டினான். பின்னறை வாசலில் நின்று, "அப்பா, வாங்கப்பா, ஒரு ஆட்டம்" என்று கூப்பிட்டான். வரமாட்டார் என்றே நினைத்தேன், வந்தார். லைட்டை அணைத்தோம். அப்பா பழைய பழக்கத்தில் வலக்கையைக் குமிழிடம் கொண்டுபோனார். மிச்சமிருந்த மூன்று விரல்களுக்குக் குமிழ் சிக்கவில்லை. திருகப் பார்க்கப் பார்க்க வழுக்கியது. கையை மாற்றிக்கொண்டார். பொத்தானை அழுத்தப் பழகியிருந்த இடக்கைக்குக் குமிழைத் திருக இன்னும் வரவில்லை. கட்டை ஒரேயடியாக மேலே போகும், இல்லாவிட்டால் கீழே போய் நிற்கும். பந்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் இருட்டில் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அதன் பிறகு அவன் தன் பக்கம் வந்த பந்துகளை ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தான். கட்டையைப் பந்துக்கு மிக அருகில் கொண்டுபோய், நூலிழையில் தவறவிட்டதுபோல் விட்டான். பிறகு நான் உட்கார்ந்தேன்; நானும் அதையே செய்தேன்.

ஆட்டம் முடிந்தது. அப்பாவின் எண்தான் பெரிதாக இருந்தது. அவர் குமிழ்ப்பெட்டியை வயரைச் சுற்றி மெதுவாகப் பாயில் வைத்தார்.

"எனக்கு விட்டுக்குடுக்காதீகப்பா," என்றார். எழுந்து பின்னறைக்குப் போய்விட்டார்.

அன்று கதவுக்குப் பின்னாலிருந்து "பீப்" சத்தம்கூட வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறு வாரம் கேமின் பேட்டரி தீர்ந்தது. சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும் அந்தப் பேட்டரி டவுன்ஹால் ரோட்டில் வாட்ச் கடைகளில்தான் கிடைக்கும். அம்மாவிடம் சொன்னேன். அண்ணன் வாங்காதே என்றான். அது இல்லாவிட்டால் அப்பா வெளியே வருவார் என்றான். அம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டாள். அப்பா வெளியே வரவில்லை. அணைந்த கேமை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் தெரிந்த மலைப்பாறையைப் பார்த்தபடி இரண்டு நாட்கள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அம்மா பள்ளியிலிருந்து நேராக டவுனுக்குப் போய்விட்டு, பொழுதுசாயத்தான் வந்தாள். சேலைகூட மாற்றவில்லை, விரல்களில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. பேட்டரிப் பொட்டலத்தை அப்பாவின் பக்கத்தில் வைத்தாள். பிறகு முன்னறைக்கு வந்து, அண்ணனிடம் டொக்கு பெட்டியை மாட்டச் சொன்னாள். என்றைக்குமே அதைத் தொட்டிராதவள், பாயில் உட்கார்ந்து ஒரு குமிழை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. எனக்கு இத எப்படி ஆடுறதுன்னு சொல்லிக் குடுங்க."

உள்ளேயிருந்து, பிள்ளைகளைக் கேள் என்று பதில் வந்தது.

"பிள்ளைககிட்ட தோத்தா நாளைக்கு அதுக என்னைய மதிக்காதுக. உங்ககிட்ட தோத்தா ஒண்ணுமில்ல."

கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. அப்பா வந்து, அவளுக்கு அடுத்து உட்கார்ந்து, இடக்கையால் குமிழைப் பிடித்தார்.

அம்மா ஆடியதைப்போல் ஒரு மோசமான ஆட்டத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பந்து மேலே போனால் குமிழைத் திருகாமல் பெட்டியையே மேலே தூக்கினாள். கட்டை கீழே வரவேண்டிய நேரத்தில் அதை மேலே அனுப்பினாள். தன் கட்டை எது, அப்பாவின் கட்டை எது என்பதே பாதி நேரம் அவளுக்குக் குழம்பியது. அப்பாவின் கட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டு, தான்தான் நகர்த்துவதாக நினைத்துத் திருகிக்கொண்டிருந்தாள். அப்பாவின் இடக்கையும் தடுமாறியது. ஆனால் அவளுடைய தடுமாற்றத்துக்கு முன்னால் அது தேறின கையாக இருந்தது. முதலில் அவர் மெதுவாக, "இடது பக்கம் உன்னோடது" என்றார். பிறகு, "திருகு, திருகு" என்றார். அம்மா பெட்டியை மறுபடியும் தூக்கினாள்.

"ஏ எஸ்தரு, எங்கன பாக்குற? பந்து இங்கன வருது, நீ எங்கயோ பாக்குற. இம்புட்டுப் படிச்சு என்னத்துக்கு, ஒரு குமிழத் திருகத் தெரியல."

அறை அதிர்ந்தது. அண்ணன் என் கையைப் பிடித்தான். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "கத்தாம சொல்லிக் குடுங்க" என்றாள். அவர் இன்னும் கத்தினார். எதிர்வீட்டிலிருந்து முத்துப்பாண்டி அண்ணன் என்ன சத்தம் என்று எட்டிப்பார்த்து, வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டார்.

அப்போதுதான் கரண்டு போனது. பந்து ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. விளக்கு எடுக்க நான் எழுந்தபோது அம்மா வேண்டாம் என்றாள். யாருடைய முகமும் யாருக்கும் தெரியாத அந்த இருட்டில், யாரும் எதுவும் கேட்காமலே, அப்பா பேச ஆரம்பித்தார். கேசட்டில் பேசுகிற அதே குரல். இயந்திரத்தில் கையுறை சிக்கியதையும், கை தன்னுடையது இல்லை என்பதுபோல் ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் சொன்னார். அடிபடுவதற்கு முன்பே எனக்கென்று வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த கேமை, அறைத்தோழர் ஒருவர் அப்பாவின் துணிமணிகளோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாராம். பல நாள் அது தலைமாட்டில் பிரிக்காமலே இருந்ததாம்.

"பாப்பாவுக்குன்னு வாங்குனது, நான் பிரிச்சிட்டேன். மொத நாளு ஒரு காயக்கூடப் பிடிக்க முடியல. பக்கத்துக் கட்டில்காரன் சிரிச்சான். விடாம ஆடுனேன். ஒருநாள் பத்துக் காய் பிடிச்சேன். அன்னைக்குத்தான், சரி, ஊருக்குப் போகலாம்னு தோணுச்சு."

நான் பொத்தான்களின் வெளுத்த சிவப்பை நினைத்துக்கொண்டேன். வாசல் பக்கம் செருப்புச் சத்தம் மெல்ல நகர்ந்து எதிர்வீட்டுக்குப் போனது. கரண்டு வந்தபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். எப்போது எழுந்து போனாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அப்பா அடுத்த நாளே சரியாகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். பின்னறைச் சத்தம் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சாயங்காலமானால் முன்னறைக்கு வந்தார். அம்மாவோடு ஆடினார், அவளைத் திட்டினார். பிறகு எங்களோடும் ஆடினார். நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை, அவர் தோற்றார், மறுபடி ஆடினார். முத்துப்பாண்டி அண்ணன் பம்புசெட் ஏற்றும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஓடாத மோட்டார் ஒன்றை வாசலில் இறக்கி, "அண்ணே, இத ஒரு கை பாருங்கண்ணே" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும், முகம் சுருங்கிப்போனது. அப்பா சிரித்துவிட்டார். ஸ்பேனரை இடக்கையில் வாங்கிக்கொண்டு மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்த வேன் மூலமாகவே வாடிப்பட்டியில் ஒரு பம்புசெட் கடையில் வேலை கிடைத்தது. தினமும் காலை பஸ்ஸில் போய் வந்தார். சில வருடங்கள் கழித்து அங்கேயே சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை வைத்தார். விவசாயம் பார்க்கும் சுற்று வட்டாரத்துச் சம்சாரிகள் அவரை "பட்டறைக்காரர்" என்றார்கள். யாரும் கையை வைத்து அடையாளம் சொல்லவில்லை.

டொக்கு பெட்டி ஒரு கோடையில் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் புகைந்து போனது. கைக் கேம் கீழே விழுந்து, கண்ணாடிக்குள் மை கொட்டியதுபோல் ஒரு கறுப்பு பரவி, தென்னைமரத்தையும் குரங்கையும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிவிட்டது. இரண்டையும் பற்றி எங்களுக்குள் இருந்த வழக்கு அதற்கு வெகுமுன்பே முடிந்துபோயிருந்தது. யார் ஜெயித்தோம் என்று நினைவில்லை.

இப்போது பசுமலையில் அந்தத் தெருவுக்குப் போனால் ஓடுகளுக்கு மேல் ஒரு ஆண்டெனாக் கம்பியைக்கூடப் பார்க்க முடியாது. ஓடுகளே இல்லை. கண்ணாடியில் கையை வைத்தால் மயிர் சிலிர்க்கும் டிவிகள் போய்விட்டன. அப்பா காலமாகிச் சில வருடங்களாகிவிட்டன. அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறான். அம்மா என்னோடு இருக்கிறாள். என் மகன் வைத்திருக்கும் கேமைக் கையிலும் வைத்து ஆடலாம், டிவியிலும் மாட்டி ஆடலாம். நானும் அண்ணனும் வருடக்கணக்கில் வழக்காடியதற்கு யாரோ சமரசம் செய்துவைத்துவிட்டார்கள். அவன் ஹெட்போனால் காதை மூடிக்கொண்டு, எங்கோ இருக்கும் ஒருவனோடு, வெளியே சத்தம் வராமல் ஆடுகிறான். யாரும் யார் தலையையும் மறைப்பதில்லை.

போன மாதம் அம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் கேட்காத ஒன்றை அன்று அவளிடம் கேட்டேன். அப்பாவுக்காக வேண்டுமென்றேதான் அவ்வளவு மோசமாக ஆடினாயா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இல்லடி. எனக்கு நெசமாவே அந்தப் பந்து எங்க வருதுன்னு தெரியல," என்றாள். பிறகு, பேரனின் காதுகளை மூடியிருந்த ஹெட்போனைப் பார்த்தபடி, "அப்ப வீடு அம்புட்டு அமைதியா இருந்துச்சு. அவரு ஒரு தடவ கத்திட்டா போதும்னு இருந்துச்சு எனக்கு. அதுக்குத்தான் உக்காந்தேன்," என்றாள்.